தேங்காய்ப்பால் விடாத கடலை

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், ஏரியைச் சுற்றி நடப்பார்கள். நான் கடலை அவிக்கப் போனேன். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி வந்த காரணத்தைக் கேட்டபோது, "சமைக்க" என்று வாய்வரை வந்துவிட்டது. கிழவன் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்வாரே என்று பயந்து, "சொந்தக்காரர்களைப் பார்க்க" என்று சொல்லி வைத்தேன்.

நான் காரைக்காலில் பிறந்தவன். பாரிஸ் புறநகரில் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் சமையற்காரனாக இருந்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். என் மனைவி பிலோமினா கண்டிக்காரி. அவள் தம்பி சேவியர் கண்டிக்கு வெளியே குண்டசாலையில் இருக்கிறான். சேவியரின் மகன் ஜூட் மால்டாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தபோது, அங்கேயே வேலை பார்த்த துனிசியப் பெண் இனெஸைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். இருவரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். ஜூட் இப்போது பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறான். இனெஸ் உண்டாகியிருந்தாள். சிக்கல் என்னவென்றால், அவள் சாப்பிடவில்லை.

"மசக்கை எல்லாம் போயாச்சாம். இன்னும் கோழிக்குஞ்சு மாதிரி கொத்திக்கிட்டு எழும்பிடுறாளாம். ரீட்டாவைத்தான் டாக்டர் ஏசுறாராம்" என்றாள் பிலோமினா. ரீட்டா சேவியரின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், அந்த வீட்டின் அடுப்பும் அதிகாரமும் அவள் கையில். "அந்தத் துனிசியாக்காரர்கிட்ட கத்துக்கிட்டு வந்து, இத்தனை வருஷம் கடலையும் பீன்ஸுமா ஆக்கி எங்க உயிரை வாங்கினீங்களே, அதுக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம் வந்திருக்கு. போயிட்டு வாங்க."

அந்தத் துனிசியாக்காரர் நூரெதீன், உணவகத்தில் என்னோடு வேலை செய்தவர். வெள்ளை பீன்ஸைத் தக்காளியில் குழைய வேகவைக்கும் லூபியாவையும், கொண்டைக்கடலையைப் பூண்டு சீரகத்தோடு அவித்துப் பழைய ரொட்டித் துண்டுகளின் மேல் ஊற்றும் லப்லாபியையும் அவர்தான் எனக்குக் காட்டித் தந்தார். லப்லாபி பெரிய விருந்துச் சமையல் அல்ல. கூலி வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் கடை வாசலில் நின்று சாப்பிடுவது. சாமான்கள் குறைவு என்பதால் ஒன்று பிசகினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

குண்டசாலை வீட்டில் முதல் பகல் சாப்பாட்டிலேயே ரீட்டாவின் கைப்பக்குவம் எனக்குத் தெரிந்துவிட்டது. தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை. அதற்குப் பதிலாகப் பலாப்பிஞ்சுக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டசம்பல் என்று மேசை நிறைந்திருந்தது. நான் வெட்கமில்லாமல் மூன்றாம் முறையும் சோறு வாங்கினேன். மேசையின் கடைசிக் கதிரையில் இருந்த இனெஸ், சோற்றைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். கட்டசம்பலை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு நக்கினாள். அவர்கள் ஊர் ஹரிஸா என்பதும் மிளகாயும் பூண்டும் அரைத்த விழுதுதானே.

"பாருங்க அண்ணே, இதுதான் சாப்பாடு" என்றாள் ரீட்டா என்னிடம். "நானும் நாளுக்கு நாள் பாலைக் கெட்டியா விட்டு விட்டுத்தான் ஆக்குறேன். பிள்ளைக்குத் தெம்பு வேணும்ல?"

நான் பிரெஞ்சில் பேச ஆரம்பித்ததும் இனெஸின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அவளுக்கும் வீட்டாருக்கும் இடையில் இருந்தது சாப்பாடு, தண்ணீர், தூக்கம் அளவுக்கான ஆங்கிலம்தான். ஜூடோடு பேசுவதும் ஆங்கிலத்தில்தான்; அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஊர் பிசெர்ட் என்றாள். கடல் பக்கத்தில் வீடு என்றாள். லப்லாபி செய்யப்போகிறேன் என்றதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு சேவியர் வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்தினான். வீட்டில் எல்லோருக்கும் எவ்வளவு பயம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் சாமான் வாங்க அக்குறணைக்குப் போனேன். மாத்தளை ரோட்டில் கடைகளாகவே நிற்கும் ஊர். நோன்பு மாதம் என்பதால் சாப்பாட்டுக் கடைகள் திரை போட்டிருந்தன. மளிகைக் கடைகளில் பேரீச்சம்பழம் மலையாகக் குவிந்திருந்தது. காரைக்காலிலும் நோன்புக் காலத்தில் கடைத்தெரு இப்படித்தான் பகலில் சோம்பி மாலையில் எழும். ஒரு கடையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஹாஜியார் என்னைத் தலை முதல் கால் வரை அளந்தார்.

"நல்ல கடல ஈக்கி. சீரகம் ஈக்கி. ஒலிவ் எண்ணெய் ஒடம்புல பூசவா, சமைக்கவா?"

"சமைக்க."

"சமைக்கவா!" என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒலிவ் எண்ணெய்ல என்னத்தச் சமைப்பீங்க?"

துனிசிய மருமகள் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய், தேசிக்காய் என்று அங்கே சொல்லும் எலுமிச்சை உப்பில் ஊறிக் கறுத்துப்போன போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். "எங்கட ஊர் லுணு தெஹி. ஹஜ்ஜுக்குப் போனப்ப அந்த நாட்டு ஆக்களும் இப்பிடி ஒண்டு தின்றதப் பாத்தேன். புள்ளத்தாச்சிக்கு வாய்க்கு நல்லம்." காசு வாங்காமல் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தையும் என் பையில் திணித்தார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அக்குறணையில் மழை என்றால் ஆறும் ரோட்டுக்கு வந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் தண்ணீர் மிதிபலகையில் ஏறிவிட்டது. இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. "இறங்க வேண்டாம், தானாக வடியும், தினமும் நடக்கிறதுதான்" என்று நடத்துனர் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்தில் இருந்த பெண் மொழிபெயர்த்தாள். பாரிஸில் ரயில் கொஞ்சம் தாமதித்தால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள்; இங்கே மன்னிப்புக்குப் பதில் ஒரு அம்மாள் எனக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாள். காலடியில் வைத்திருந்த கடலைப் பை முழுவதும் நனைந்துவிட்டது. ஊறப்போடும் வேலை மிச்சம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பேக்கரியில் ரோஸ் பாண் வாங்கினேன். தட்டையாக, மேலே முறுகலாக இருக்கும் ரொட்டி. லப்லாபிக்கு அதைவிட நல்லது அந்த ஊரில் கிடைக்காது. "தங்கச்சி, இதைத் தொடாதீங்க. நாளைக்குக் காஞ்சு கல்லு மாதிரி ஆகணும்" என்று ரீட்டாவிடம் சொன்னேன். "சரிண்ணே" என்றாள். அந்தச் "சரி"யை நான் நம்பியிருக்கக் கூடாது.

அடுத்த நாள் காலையில் கடலையை மறுபடி கழுவி, சிட்டிகை அப்பச்சோடா போட்டு அவியவிட்டேன். பூண்டு தட்டிப் போட்டு, சீரகத்தை வறுத்து இடித்து, உப்புப் பார்த்து அடுப்பைக் குறைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அவ்வளவுதான் நான் செய்த பிழை. திரும்பி வந்தபோது சட்டியில் இருந்தது லப்லாபி அல்ல. வெள்ளையாக, மினுமினுப்பாக, கறிவேப்பிலையும் கடுகும் மிதக்க, அருமையான கடலைப் பால்கறி. மேசையில் என் காய்ந்த பாணைக் காணவில்லை. ஆவி பறக்கப் புதுப் பாண் இருந்தது.

"என்ன தங்கச்சி இது?"

"நீங்க மறந்துட்டீங்கண்ணே, பால் விடாமயே எறக்கப் பாத்தீங்க. நான்தான் முதற்பால் விட்டுத் தாளிச்சேன்" என்றாள் ரீட்டா, எனக்கு உதவிய சந்தோஷத்தில். "அந்தப் பாண் காஞ்சு கட்டையாப் போச்சு, நாய்க்குப் போட்டுட்டேன். உண்டாகியிருக்கிற புள்ளைக்குப் பழைய பாணா குடுக்கிறது? நாளைக்கு அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா நம்மள என்னா நெனைப்பாங்க?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் எந்த வாயால் ஏசுவது? இலங்கையில் பால் விடாத கறி முடியாத கறி. பழைய பாண் கொடுக்கும் மாமியார் ஊர் வாயில் விழுந்த மாமியார். அவள் தன் மருமகளைக் கௌரவப்படுத்தியிருந்தாள். இனெஸ் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண் கலங்கியது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வாசலில் அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். "தேங்காய் வாசனை வந்தாலே வயிற்றைப் புரட்டுகிறது, மாமா" என்றாள் பிரெஞ்சில். "முன்பு பிடித்தது. பிள்ளை வந்ததிலிருந்து முடியவில்லை. அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உடைகூட மாற்றாமல் தேங்காய் துருவுகிறார். அவரிடமோ ஜூடிடமோ எப்படிச் சொல்வது?"

உள்ளே போய் ரீட்டாவிடம் நான் சொன்னேன். ரீட்டா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இத்தன நாளும் நானேதான் புள்ளயப் பட்டினி போட்டிருக்கேன்" என்றாள். யாருமே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் அவளை யாரும் தேற்ற முடியவில்லை.

இரண்டாவது முறை நான் யாரையும் நம்பவில்லை. ரோஸ் பாணை வாங்கி என் பெட்டிக்குள் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். பாண் காய்ந்தது, என் சட்டையெல்லாம் பேக்கரியாய் மணத்தது. கடலை வெந்து முடியும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. ரீட்டாவும் என் பக்கத்திலேயே நின்றாள். கொதி அடங்கும்போது அவள் கை தன்னால் தேங்காய்ப்பால் கோப்பை இருக்கும் பக்கம் போனதைக் கண்டேன். மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

காய்ந்த பாணைக் கிழித்துக் கோப்பையில் போட்டு, மேலே கொதிக்கும் சாற்றையும் கடலையையும் ஊற்றினேன். சீரகத்தூள், பாரிஸிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த ஹரிஸா, ஹாஜியாரின் தேசிக்காய் ஒரு துண்டு, அரைவேக்காட்டு முட்டை, கொஞ்சம் டின் மீன், தாராளமாக ஒலிவ் எண்ணெய். கையில் இரண்டு கரண்டி கொடுத்தேன். லப்லாபியைக் கிண்டுவது சாப்பிடுகிறவரின் வேலை என்பார் நூரெதீன். இனெஸ் இரண்டு கரண்டியாலும் அடியிலிருந்து புரட்டிக் குழைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சாப்பிட்டாள். கோப்பை காலியானதும் நீட்டினாள். மறுபடியும் ஊற்றினேன். ஜூட் வேலைக்குப் போகாமல் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது கோப்பையும் முடிந்தபின் அவள் என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னாள்: "இதைச் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது மாமா, எனக்கு வேண்டியது சாப்பாடு அல்ல. நான் அம்மாவிடம் போய்ப் பிள்ளை பெற வேண்டும். கல்யாணத்துக்குப் பின் பேசாதிருந்த அப்பா இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார். இவர்கள் என்னைத் தங்கமாகப் பார்க்கிறார்கள். போகிறேன் என்றால், எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைப்பார்கள். ஜூடிடம்கூடச் சொல்லவில்லை."

"என்னா சொல்றா அண்ணே?" என்றாள் ரீட்டா, முகமெல்லாம் சிரிப்பாக. "நல்லா இருக்காமா?"

சேவியர், ஜூட், ரீட்டா மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அவளைச் சாப்பிட வைத்து இங்கே நிறுத்தத்தானே என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டார்கள்.

"நல்லா இருக்காம்" என்றேன்.

மறுநாள் ரீட்டா என்னை ஹுன்னஸ்கிரியவுக்கு வரச்சொன்னாள். அவள் பிறந்து வளர்ந்த தோட்டம் அங்கேதான். பஸ் பல்லேகல மைதானத்தைத் தாண்டி, மலை ஏறி, வளைந்து வளைந்து போனது. இன்னொரு பஸ் எதிரே வந்த இடத்தில் இரண்டு ஓட்டுநர்களும் யார் பின்வாங்குவது என்று வாதாடினார்கள். எங்கள் பக்கத்துச் சக்கரத்துக்கு அப்பால் பள்ளம்தான். நான் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். ரீட்டாவோ மடியில் ஒரு பார்சலை அணைத்துக்கொண்டு ஆனந்தமாக இருந்தாள். எதற்குப் போகிறோம் என்று அவள் சொல்லவில்லை.

தேயிலைக்கு நடுவே அந்தோனியாருக்கு ஒரு சின்னக் கெபி, குகை போலக் கட்டிய கோயில். பார்சலைப் பிரித்தாள். முழங்கை நீளத்துக்கு மெழுகுதிரி. "புள்ள சாப்புட்டா ஏத்துறேன்னு நேர்ந்திருந்தேண்ணே. நீங்க வந்தீங்க, அந்தோனியார் கண்ணத் தொறந்துட்டார்." தீக்குச்சியை உரசினாள்.

என் பொய்க்கு ஒரு புனிதர் நன்றி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. "ஏத்தாதீங்க தங்கச்சி" என்றேன். தீக்குச்சி விரலைச் சுடும்வரை அணைக்காமல் அவள் என்னைப் பார்த்தாள். அங்கேயே நின்றபடி இனெஸ் சொன்னதை எல்லாம் சொன்னேன். நான் மறைத்ததையும் சொன்னேன்.

ரீட்டா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தேயிலைக்குக் கீழே தெரிந்த லயத்தைப் பார்த்தாள். தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டி ஒட்டி நின்ற ஒற்றை அறை வீடுகள், தகரக் கூரைகள், புகை, காயும் துணிகள்.

"அந்தா, கடைசிக் காம்பிரா. ஜூட் உண்டானப்ப நான் கண்டி டவுன்ல மாமி வீட்டுல இருந்தேன். மேல காத்தாடி, கீழ கட்டில். மாமி என்னைத் தங்கமாத்தான் பாத்தாங்க. நான் அம்மாகிட்டப் போறேன்னேன். 'லயத்துல என்னா இருக்கு? இங்க ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் இறங்கல. கடைசியா எங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போச்சு. அந்தக் காம்பிராவுல அம்மா சுட்ட ரொட்டியும் சம்பலும்... ஒரே தரத்துல அஞ்சு தின்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாமி ரெண்டு மாசம் பேசல. இப்ப நான் மாமியாயிட்டேன். பாத்தீங்களா, எல்லாம் மறந்துபோச்சு."

"அப்போ?"

"அப்போ என்னா? தலைப்பிள்ளை தாய்வீட்டுல. அது எங்க வழக்கம்தானே. அவ வேற நாட்டுக்காரிங்கிறதால எங்களுக்கு அது தோணவே இல்ல." எரிந்த தீக்குச்சியை விரலில் உருட்டினாள். "போனா வருவாளான்னு பயமா இருக்குண்ணே. உண்மையச் சொல்றேன், ரொம்பப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ரீட்டா இன்னொரு தீக்குச்சியை எடுத்து மெழுகுதிரியை ஏற்றினாள். "போய் நல்லபடியாப் பெத்து வரட்டும்" என்று அந்தோனியாருக்கு நேர்த்தியை மாற்றிச் சொன்னாள்.

வீட்டில் அதைச் சொன்னது ரீட்டாதான். இனெஸின் முன்னால் உட்கார்ந்து, தன் வயிற்றைத் தொட்டு, பிறகு அவள் வயிற்றைத் தொட்டு, "மதர்ஸ் ஹவுஸ். திஸ் இஸ் அவர் கஸ்டம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மொழிபெயர்ப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. இனெஸ் முதலில் நம்பவில்லை. பிறகு அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஜூட் பிரசவ நேரத்தில் லீவு போட்டுக்கொண்டு வருவதென்றும், அதற்கு முன்பே என்னோடு அவள் பாரிஸ் வழியாகப் போவதென்றும் முடிவானது. ஹரிஸா டப்பாவோடு வந்தவன் மருமகளோடு திரும்புகிறேன் என்று பிலோமினாவிடம் சொன்னேன். "உங்களை அனுப்பினது அவளைச் சாப்பிட வைக்க" என்றாள் அவள். "வைச்சேனே" என்றேன்.

புறப்படுவதற்கு முந்தின மாலை வீட்டில் சரக்கு இடித்தார்கள். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, திப்பிலி. பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பு வைத்துக் கொடுக்கும் தூள். அதை எப்படிச் சமைப்பது என்று பிசெர்ட்டில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்லவேண்டும். இனெஸ் கைபேசியில் கூப்பிட்டுக் கொடுத்தாள். அங்கே நண்பகல். நோன்பு திறக்கும் நேரத்துக்கான சமையலைத் தொடங்கியிருந்தார் அந்த அம்மா. கொண்டைக்கடலை ஊறும் சட்டி பின்னால் தெரிந்தது. இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்ப்பது அதுதான் முதல் தரம். அந்த அம்மா தலைத்துணியையும் ரீட்டா சேலைத் தலைப்பையும் சரிசெய்துகொண்டார்கள்.

ரீட்டா டீச்சர் குரலில் பாடம் எடுத்தாள். நான் பிரெஞ்சில் சொன்னேன். "முழுப் பூண்டை நல்லெண்ணெயில வதக்கணும். மீன் போடலாம். முக்கியமாச் சொல்லுங்கண்ணே, தேங்காய்ப்பால் விடவே கூடாது."

அந்த அம்மா கவனமாகத் தலையாட்டினார். நல்லெண்ணெய் எது என்று கேட்டார். எள் எண்ணெய் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தயங்கியபடி, "எங்கள் மரத்து ஒலிவ் எண்ணெய் இருக்கிறது. மகள் அதில்தான் வளர்ந்தாள். அதை விட்டால் கெட்டுவிடுமா என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன்.

"ஐயோ, வேணாம்னு சொல்லுங்க!" என்று ரீட்டா பாய்ந்தாள். "சரக்குக்கு நல்லெண்ணெய்தான். போத்தல்ல கட்டிக் குடுத்துவிடுறேன்னு—"

நின்றுவிட்டாள். திரையில் அந்த அம்மா பதிலுக்காகக் காத்திருந்தார். ரீட்டா தன் அடுப்பைப் பார்த்தாள், பாண் ஒளித்திருந்த என் பெட்டியைப் பார்த்தாள், இனெஸைப் பார்த்தாள்.

"அவங்க எண்ணெயையே விடட்டும்ண்ணே" என்றாள். "பெத்தவங்களுக்குத் தெரியும், புள்ளைக்கு எது இறங்கும்னு."

இந்தத் தடவை நான் ஒரு சொல்லைக்கூட மறைக்காமல் மொழிபெயர்த்தேன்.